புயலுக்கு முன் ஒரு நோட்டு: கடலோரக் கிறிஸ்தவப் பங்குகளில் பேரிடர்த் தொண்டர் பயிற்சி

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் சுனாமி. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை வெள்ளம். 2017 நவம்பர் 30 ஒக்கி. 2018 நவம்பர் 16 கஜா. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை வெள்ளம், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் கிறிஸ்தவக் கோவில் வேலை தெரிந்தவர்களுக்கு உடனே ஒன்று பிடிபடும். கிறிஸ்துமஸை ஒட்டி, பாடகர் குழு ஒத்திகையும் குடில் வேலையும் நடக்கிற வாரங்களில்தான் தமிழகக் கடற்கரையில் அடி விழுகிறது. இளைஞர்கள் ஊரில் இருப்பார்கள், கோவில் திறந்திருக்கும், ஜெனரேட்டரும் பாத்திரங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் பயிற்சி கொடுக்க அப்போது நேரம் இருக்காது.

ஆகவே பயிற்சியை அக்டோபருக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மீனவப் பங்குகளுக்கு, அதாவது மீனவர் ஊர்களின் கோவில் சபைகளுக்கு, இதைவிட நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளிகள் கரையில் இருக்கும் நாட்கள் அவை. கடல் தெரிந்த, கயிறு தெரிந்த, எஞ்சின் தெரிந்த ஆட்கள் இல்லாமல் செப்டம்பரில் கல்லூரி மாணவர்களை மட்டும் உட்கார வைத்து நடத்தும் பயிற்சி பாதிப் பயிற்சிதான். நாட்டுப்படகுக்காரர்கள் தடைக்காலத்திலும் தொழிலுக்குப் போவார்கள் என்பதால் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே கணக்கு.

முதல் பாடம் எது என்பதில் பல இடங்களில் தவறு நடக்கிறது. படகு, லைஃப் ஜாக்கெட், கயிறு என்று ஆரம்பித்தால் இளைஞர்களுக்கு உற்சாகம் வரும், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் மீட்புப் படையிடம் இல்லாத ஒன்று கோவிலிடம் இருக்கிறது. எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார், எந்தப் பெண்ணுக்கு எட்டாம் மாதம், எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்பது தேசியப் பேரிடர் மீட்புப் படைக்குத் தெரியாது. அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பங்களின் ஜெபக்குழுத் தலைவிக்குத் தெரியும். அது அவர் தலைக்குள் இருக்கிறது, தாளில் இல்லை. பயிற்சியின் முதல் நாள் முழுவதும் அதைத் தாளில் இறக்குவதற்கே போக வேண்டும்.

நோட்டில் என்ன எழுதுவது

ஓர் அன்பியத்தில் பொதுவாக 20, 30 குடும்பங்கள் இருக்கும். தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சேகரங்களில், அதாவது அவர்களுடைய பங்குகளில், தெருவாரியான ஜெபக்குழு இதே வேலைக்கு உதவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண், ஓர் ஆண் என்று இரண்டு தொண்டர்கள். அவர்கள் கையில் 100 பக்க நோட்டு ஒன்று. வீட்டுக்கு ஒரு பக்கம்: எத்தனை பேர், 65 வயதைத் தாண்டியவர் யார், தானாக நடக்க முடியாதவர் யார், கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் பிரசவத் தேதி, டயாலிசிஸ் என்றால் வாரத்தில் எந்தெந்த நாட்கள், இன்சுலின் போடுகிறவர், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர். ஆடு, மாடு எத்தனை என்பதும் வேண்டும். "வீட்டை விட்டு வர மாட்டேன்" என்று அடம்பிடிப்பவர்களில் பலருக்கு உண்மையான காரணம் கொட்டிலில் கட்டியிருக்கும் ஆடுதான். கடைசியாக, அந்தத் தெருவில் உறுதியான மொட்டை மாடி உள்ள வீடு எது, அதன் படிக்கட்டு வெளியில் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா. தண்ணீர் நள்ளிரவில் ஏறினால் எல்லோரும் போக வேண்டிய இடம் அதுதான்.

கடற்கரை ஊர்களில் இன்னொரு பக்கம் தேவை. ஒக்கியின்போது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதிகளில் யார் எந்தப் படகில் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கை ஊர்க் கோவில்கள்தான் திரட்டின. காணாமல் போனவர்களின் எண்ணிக்கையில் அரசின் கணக்கும் கோவில்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அங்குள்ளவர்கள் தங்கல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வர மாட்டார்கள். கேரளம், கர்நாடகம், குஜராத் துறைமுகங்களிலிருந்தும் கிளம்புவார்கள். புயல் அடித்த பிறகு அந்தப் பட்டியலைக் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. படகின் பதிவு எண், கிளம்பிய துறைமுகம், கிளம்பிய தேதி, ஆட்களின் பெயர்கள், வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்கள் வீட்டுத் தொலைபேசி எண் ஆகிய ஐந்தும் கிளம்பும் நாளிலேயே நோட்டில் ஏறியிருந்தால், கடலோரக் காவல் படையிடம் தேடச் சொல்லும்போது விரல் வைத்துக் காட்ட ஒரு பட்டியல் இருக்கும்.

தெருவில் உள்ள எல்லா வீடுகளும் நோட்டில் வர வேண்டும், கோவிலுக்கு வருகிறவர்கள் மட்டுமல்ல. சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் தலித் குடியிருப்புகள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதும், இருளர் குடும்பங்கள் கணக்கிலேயே வராமல் போனதும் பதிவாகியுள்ளன. யாரும் விட்டுவிட வேண்டும் என்று நினைக்காமலேயே இது நடக்கலாம். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு அரிசி கொடுத்தால், அந்தப் பட்டியலில் இல்லாதவருக்கு அரிசி இல்லை. குளத்தங்கரைக் குடிசை, செங்கல் சூளை, வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களின் அறை இவற்றைத் தேடிப்போய் எழுத வேண்டும்.

நோட்டுக்கு இரண்டு படிகள். ஒன்று அன்பியத்தில், மற்றது பங்கு அலுவலகத்தில், ஜிப் கவருக்குள். செல்போனில் மட்டும் வைத்திருந்தால் டவர் விழுந்த அன்றே பட்டியலும் போயிற்று. வாட்ஸப் குழுவில் அறவே போடக்கூடாது. யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் பெண் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் ஊர் அறியத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். பிரசவத் தேதி மாறும், கிழவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார், புது மருமகள் வந்திருப்பாள்.

எச்சரிக்கை வந்தால்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளை டி.வி. பார்த்து எல்லோரும் சொல்கிறார்கள். தொண்டருக்குத் தெரிய வேண்டியது அதன் பின்னால் உள்ள அளவு. 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.க்கு மேல் கனமழை, சுமார் 11.5-க்கு மேல் மிகக் கனமழை, 20 செ.மீ.யைத் தாண்டினால் அதிகனமழை. நம் ஊர் ஓடை எந்த அளவில் கரை மீறும் என்பதைப் பழைய ஆட்களிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஆரஞ்சு வந்தவுடனேயே செய்ய வேண்டியது இரண்டு. பிரசவத் தேதி நெருங்கியவர்களை மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்புவது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அடுத்த முறையை முன்கூட்டியே முடித்துத்தரச் சொல்லி மருத்துவமனையில் பேசுவது. இரண்டையும் வெள்ளம் வந்த பிறகு படகில் செய்ய முயன்றால் உயிர் போகும். மின்சாரம் போய்விடும் என்பதால் இன்சுலினை ஈரத் துணி சுற்றிய மண்பானைக்குள் வைக்கச் சொல்ல வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே கவரில்.

அறிவிப்புக்குக் கோவில் மணியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. ஆனால் திருப்பலி மணியும் எச்சரிக்கை மணியும் ஒன்றாக ஒலித்தால் பயனில்லை. தனி அடிப்பு முறை ஒன்றை முடிவு செய்து, ஊரே அறியும்படி ஆண்டுக்கு இரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு பேட்டரி இணைப்பு வேண்டும். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. "நின்றுவிட்டது" என்று வெளியே வருகிறவர்கள் மேல்தான் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று கூரை ஓடுகளையும் தகரத்தையும் வீசுகிறது.

தண்ணீரில் இறங்காமல் காப்பாற்றுவது

இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மிகக் கடினமான பாடம் இது. ஓடுகிற தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரிய ஆளின் கால் வாரும். 60 செ.மீ. இருந்தால் கார் மிதந்து போகும். நீச்சல் தெரிந்தவன் குதிக்கிறான், மூழ்குகிறவர் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார், இருவரும் போகிறார்கள். எனவே வரிசை இதுதான்: கம்பை நீட்டு, கயிற்றை எறி, படகு கொண்டு வா. கடைசி வரை உடம்பைக் கொடுக்காதே.

எறிவதற்கு விலை உயர்ந்த பை தேவையில்லை. 5 லிட்டர் எண்ணெய் கேனில் கால் பங்குக்கும் குறைவாகத் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்க வேண்டும். வெறும் கேன் காற்றில் பறந்து திசை மாறும். நிறைய ஊற்றினால் ஆளைத் தாங்கி மிதக்காது, தலையில் பட்டால் காயம். கைப்பிடியில் 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் கயிறு. கயிற்றை வாளிக்குள் தளர்வாக அடுக்கி வைத்தால் சிக்காது. கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றக்கூடாது, இடுப்பில் கட்டவே கூடாது. கேனை ஆளின் மேல் எறியாமல் அவரைத் தாண்டி, நீரோட்டத்துக்கு மேல்பக்கமாக எறிந்தால் ஓட்டமே கயிற்றை அவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோவில் மைதானத்தில் ஒரு டயரை வைத்து, ஒவ்வொருவரும் 10 எறியில் 7 முறை கயிறு டயர் மேல் விழும் வரை பழக வேண்டும். முதல் நாளில் பெரும்பாலோருக்கு 2, 3 தான் விழும்.

2015-இல் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும், 2023-இல் தூத்துக்குடியிலும் மீனவர்கள் தங்கள் படகுகளோடு வந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். கடலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெருவில் படகு ஓட்டுவது புதுச் சிக்கல். தண்ணீருக்குள் காம்பவுண்டுச் சுவர், இரும்பு கேட், மூழ்கிய கார் எல்லாம் இருக்கும். எஞ்சின் விசிறி சிக்கும், ஃபைபர் கிழியும். குறுகிய தெருவில் எஞ்சினைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியால் தள்ளித்தான் போக வேண்டும். பக்கவாட்டில் பழைய டயர் கட்டியிருந்தால் சுவரில் உரசினாலும் தாங்கும். தொங்கும் மின்கம்பியைப் பார்ப்பதற்கென்றே படகின் முன்முனையில் ஓர் ஆள். மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டித்தது உறுதியான பிறகும் கம்பியைத் தொடக்கூடாது. எங்கோ ஒரு வீட்டின் ஜெனரேட்டர் கம்பியில் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம்.

மூழ்கியவரை வெளியே எடுத்தால் வயிற்றை அமுக்குவதும், தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் இன்னும் நம் கரைகளில் நடக்கிறது. தண்ணீர் வராது, நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பொம்மை வைத்துத்தான் பழக வேண்டும், படம் பார்த்து வராது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் 12 நாள் பயிற்சி பெற்றவர்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகப் பேரிடர் பிரிவில் கேட்டால் தொடர்பு கிடைக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

மண்டபத்தின் உண்மையான கொள்ளளவு

கல்யாணத்துக்கு 500 பேர் உட்காரும் மண்டபத்தில் 500 பேர் தங்கலாம் என்று நினைப்பதுதான் முகாம்களில் முதல் தவறு. மனிதாபிமானப் பணிகளுக்கான ஸ்ஃபியர் அளவுகோல்படி தங்குகிறவருக்குத் தலைக்கு 3.5 சதுர மீட்டர் வேண்டும். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம் உள்ள மண்டபத்தில் 68 பேர். ஓரிரவு நெருக்கிப் படுக்கலாம். மூன்றாம் நாள் காய்ச்சலும் சண்டையும் வரும். கோவில், பள்ளி, மண்டபம் மூன்றையும் இப்போதே அளந்து, கதவில் எண்ணை எழுதி ஒட்டிவிட வேண்டும்.

300 பேர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குத் தலைக்கு 15 லிட்டர் என்றால் 4,500 லிட்டர் தண்ணீர், 1,000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்கில் நாலரை. கோவில் போர்வெல் மோட்டார் மின்சாரம் இல்லாமல் ஓடாது என்பது அன்று இரவுதான் பலருக்கு நினைவுக்கு வரும். கழிப்பறை முதல் நாட்களில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. அதாவது 6, பிறகு 15. ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. உள்பக்கத் தாழ்ப்பாளும் இரவு விளக்கும் இல்லாத கழிப்பறை பெண்களைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம். அவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். முகாமுக்கு வர மறுப்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதை "ரெண்டு கைப்பிடி" என்று விடக்கூடாது. விட்டத்தை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் 9.42 கன மீட்டர், 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்ற கணக்கில் 24 கிராம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிவை மட்டும் இறக்க வேண்டும். அரைமணி கழித்து, குளோரின் அளவைக் காட்டும் கருவியான குளோரோஸ்கோப்பில் மஞ்சள் நிறம் வருகிறதா பார்க்க வேண்டும், லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருந்தால் குடிக்கலாம். வராவிட்டால் ஒன்று தண்ணீர் கலங்கல், இல்லையேல் பவுடர் பழசு. திறந்து வைத்த மூட்டை சீக்கிரமே வீரியம் இழக்கும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. முதலில் இறைத்து, சுகாதார ஆய்வாளர் சொல்லும் கூடுதல் அளவைப் போட்டு, ஒரு நாள் விட்டு மீண்டும் இறைத்த பிறகே குடிநீர்.

சமையலுக்குக் கோவில்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. திருவிழாவில் ஆயிரம் பேருக்குப் பொங்கியவர்கள். 100 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் 10 கிலோ அரிசி, 3 கிலோ பருப்பு என்பது அவர்களுக்குக் கைக்கணக்கு. கெட்டுப்போவது சமைத்த பிறகு. சூடாகப் பொட்டலம் கட்டி, மூட்டையில் அடுக்கி, லாரி நான்கு மணி நேரம் தண்ணீரில் சிக்கினால் உள்ளே இருப்பது விஷம். தூரம் போகும் பொட்டலத்துக்குப் புளிச்சாதம்தான். தேங்காய்ச் சட்னி, தயிர்ச்சாதம் வேண்டாம். ஆறவைத்துக் கட்டி, கட்டிய நேரத்தை மூட்டை மேல் எழுத வேண்டும்.

பழைய துணி வாங்கக்கூடாது. சுனாமிக்குப் பிறகு நாகை சாலையோரங்களில் லாரி லாரியாக வந்த பழைய துணி மழையில் மக்கிக் கிடந்தது. அதை அகற்றுவதே தனி வேலையானது. புது நைட்டி, லுங்கி, உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை, வாளி, மக், டார்ச் என்று பட்டியல் கொடுத்துக் கேட்டால் கொடுப்பவர்களும் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்கள். லாரியிலிருந்து எறிவது ஒருபோதும் கூடாது. முந்தின இரவே நோட்டைப் பார்த்து வீட்டுக்கு ஒரு டோக்கன். மறுநாள் தெரு வாரியாக நேரம்.

பேச வேண்டியதும் பேசக்கூடாததும்

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "கடவுளுடைய சித்தம்" என்று சொல்லக்கூடாது. அன்போடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் அந்த நேரத்தில் கேட்பவருக்கு அது கத்தி. பக்கத்தில் உட்கார்ந்து பெயரைச் சொல்லி, "அம்மா, தண்ணீர் குடிச்சீங்களா? யாரைத் தேடணும்?" என்று கேட்பதும், கேட்டதைச் செய்துவிட்டு வந்து சொல்வதுமே ஆறுதல். அவர் கேட்டால் ஜெபிக்கலாம். நிவாரண வரிசையில் ஜெபமும் துண்டுப் பிரசுரமும் கூடாது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் ஏற்ற நடத்தை நெறியின் மூன்றாம் விதி, உதவியை மத நோக்கத்துக்குப் பயன்படுத்தாதே என்கிறது. பசித்தவரின் கை நீண்டிருக்கும்போது அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த விதி.

தனித்து நிற்கும் குழந்தையை "சித்தப்பா" என்று வருகிறவரிடம் ஒப்படைக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். முகாமுக்குள் போட்டோ எடுப்பதை முழுமையாகத் தடை செய்துவிடுவது எளிது.

சேறு

தண்ணீர் வடிந்த பிறகுதான் கோவில் தொண்டர்களுக்கு உண்மையான வேலை. மீட்புப் படைகள் அதற்குள் வேறு மாவட்டம் போயிருக்கும். சேற்றை ஈரத்தோடு அள்ள வேண்டும், இரண்டு நாள் காய்ந்தால் சிமென்ட் போல ஆகிவிடும். ஆனால் மண்வெட்டி வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு, விழுந்த சுவர், நனைந்த சாமான் எல்லாவற்றையும் வீட்டுக்காரர் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்க வேண்டும். சுத்தமாகக் கழுவிய வீட்டைப் பார்த்துச் சேதம் எழுதுவது யாருக்கும் கடினம். நல்லெண்ணத்தோடு போன தொண்டர்களாலேயே நிவாரணத் தொகை நழுவிப்போகக்கூடும்.

பிறகு மெயின் சுவிட்சு, இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரை மறப்பார்கள். மண்சுவர் ஊறியிருந்தால் உள்ளே போகவே வேண்டாம். பாத்திரக் குவியலையும் கட்டிலடியையும் கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும். அள்ளிய சேறு சாக்கடையில் அல்ல, சாலை ஓரத்தில்.

ஒவ்வொரு தொண்டரும் காலையில் கையெழுத்துப் போட்டுப் போக வேண்டும், மாலையில் திரும்பியதும் போட வேண்டும். பெயர், இரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டு. முட்டளவு பூட்ஸ், ரப்பர் கையுறை. காலில் புண் இருந்தால் அன்று சமையல்கட்டில்தான் வேலை. எலிக்காய்ச்சல் கிருமி அந்தப் புண் வழியாக எளிதில் ஏறும். தடுப்பு மாத்திரையை ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர் சொன்னபடி மட்டுமே எடுக்க வேண்டும். வேலை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கையெழுத்து நோட்டை 30 நாள் மூடிவைக்கக்கூடாது. வாரம் ஒரு முறை அதில் உள்ள ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காய்ச்சல், உடல்வலி, கண் சிவப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால், மருத்துவரிடம் போனதும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்: "டாக்டர், நான் வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்."